சேலம் இந்தியாவா, சேலம் இண்டியானாவா? ஒரு அமெரிக்கக் குடும்பத்து வேரைத் தேட உதவுங்க

காப்பிக்காடு:

எல்லாருக்கும் வணக்கமுங்க. ஏற்காட்டுல நாகலூர் போற ரோட்டுல சின்னதா ஒரு ஹோம்ஸ்டே நடத்தறேன், பின்னாடி கொஞ்சம் காப்பி, மிளகு. வழக்கமா பெங்களூர்க்காரப் பசங்கதான் வருவாங்க, சனிக்கிழமை ராத்திரி பாட்டு போடுவாங்க, ஞாயித்துக்கிழமை மத்தியானம் இறங்கிடுவாங்க. போன மாசம் ஒரு அமெரிக்கக்கார அம்மா மகளோட வந்து நாலு நாள் தங்கினாங்க. எழுபது தாண்டினவங்க, ஒஹாயோ மாநிலம், ரிட்டையர்டு டீச்சர். லேடீஸ் சீட், பகோடா பாயிண்ட்னு எதுவும் கேக்கல. வந்த அன்னைக்கு சாயங்காலமே ஒரு பிளாஸ்டிக் ஃபைலை சாப்பாட்டு மேஜை மேல விரிச்சுட்டு, எங்க பாட்டியோட அம்மா இந்த மலையில பொறந்தவங்களான்னு தெரியணும், நீங்க உதவி பண்ண முடியுமான்னு கேட்டாங்க.

விஷயம் இதுதான். அந்தக் கொள்ளுப்பாட்டி 1938ல ஒஹாயோவுல தவறிட்டாங்க. இறப்புச் சான்றிதழ்ல பொறந்த வருஷம் 1870, பொறந்த ஊருங்கற இடத்துல "சேலம், இண்ட்." அவ்வளவுதான் எழுதியிருக்கு. இண்ட்னா இண்டியானான்னு மூணு தலைமுறையா எல்லாரும் நெனச்சுகிட்டாங்க. ஒஹாயோவுக்குப் பக்கத்து மாநிலம்தானே இண்டியானா, அங்க நெஜமாவே சேலம்னு ஒரு ஊரும் இருக்காம். இந்தம்மா இருபது வருஷமா லீவு விடறப்பல்லாம் அந்த ஊருக்குக் காரை ஓட்டிகிட்டுப் போய் கோர்ட்டு, லைப்ரரி, சுடுகாடுன்னு ஒண்ணு விடாம பாத்திருக்காங்க, ஒரு துண்டுச் சீட்டு கூட கிடைக்கல. ரெண்டு வருஷம் முன்னாடி அவங்க தம்பி வீட்டுப் பரண்ல ஒரு பிஸ்கட் டின். அதுக்குள்ள ஒரு பழைய அட்டை போட்டோ, ஓடு போட்ட பங்களா, வராந்தாவுல தாடி வச்ச ஒரு வெள்ளைக்காரர் மடியில குழந்தை, ஓரமா முக்காடு போட்ட ஒரு பொம்பளை பாதி வெட்டுப்பட்டு நிக்கறாங்க. பின்னாடி பென்சில்ல "ஷெவராய் ஹில்ஸ்", அதாவது நம்ம ஏற்காடு இருக்கற சேர்வராயன் மலை. போட்டோவைப் பாத்ததும் எனக்கே மேலு சிலிர்த்துடுச்சுங்க, அந்த வராந்தாத் தூண் மாதிரி இன்னைக்கும் இங்க நாலஞ்சு எஸ்டேட்ல இருக்கு.

நாலு நாளும் ஆட்டோ வச்சு சுத்தினோம். ஒரு இடத்துல ரிஜிஸ்தர் எல்லாம் கரையான் தின்னுடுச்சுன்னாங்க, இன்னொரு இடத்துல பெரியவர் ஊர்ல இல்லை அடுத்த வாரம் வாங்கன்னாங்க. அவங்களுக்கு ஃப்ளைட்டு. போறப்ப, நீங்க இங்கேயே இருக்கறவர்தானே கொஞ்சம் பாருங்கன்னு ஃபைல் பூரா ஜெராக்ஸ் போட்டுக் குடுத்துட்டுப் போயிட்டாங்க. நானும் தலையாட்டிட்டேன். இப்ப எங்க ஆரம்பிக்கறதுன்னே தெரியல. குடும்பப் பேரு இங்க போட வேண்டாம்னு நெனக்கறேன், மன்னிச்சுக்கோங்க. இந்த மாதிரி வேலை பண்ணினவங்க யாராவது இருக்கீங்களா?


ஒஹாயோ அக்கா:

தம்பி, நான் சேலம் அம்மாபேட்டைக்காரி, இப்ப இருபத்திரண்டு வருஷமா இங்க ஒஹாயோவுலதான் இருக்கேன். இங்க லைப்ரரியில வாரத்துக்கு ரெண்டு நாள் வாலண்டியரா உக்காருவேன், வர்றவங்கள்ல பாதிப்பேரு வம்சாவளி தேடறவங்கதான், அதனால இது கொஞ்சம் பழக்கம்.

மொதல்ல ஒண்ணு சொல்லிடறேன், நீங்க ஏற்காட்டுல ஆரம்பிக்காதீங்க. எல்லாரும் பண்ற தப்பு இதுதான், கடைசிப் படியில போய் நின்னுகிட்டு கீழ பாக்கறது. உசுரோட இருக்கறவங்ககிட்டேர்ந்து ஒவ்வொரு படியா பின்னால போகணும், ஒவ்வொரு படிக்கும் ஒரு தாள் வேணும். இந்தம்மாவோட அம்மா யாரு, அவங்களைப் பெத்தவங்க யாரு, அப்படியே. நடுவுல ஒரு படி ஆடிச்சுன்னா மேல நீங்க கண்டுபிடிக்கற ஏற்காட்டு ஞானஸ்நானம் வேற யாரோ ஒருத்தரோடதா இருக்கும்.

இறப்புச் சான்றிதழை ரொம்ப நம்பாதீங்க. செத்தவங்க வந்து தகவல் குடுக்க முடியாதில்ல, மகனோ மருமகனோ குடுத்தது. கீழ தகவல் தந்தவர்னு ஒரு பேரு இருக்கும், அதைப் பாருங்க. மாமியா எங்க பொறந்தாங்கன்னு நம்ம ஊரு மாப்பிள்ளைங்ககிட்ட கேட்டா எத்தனை பேரு சரியா சொல்லுவாங்க?

இண்டியானாவுல பொறந்த தாள் கிடைக்கலைன்னு மட்டும் வச்சு ஒண்ணும் முடிவு பண்ண முடியாது, ஏன்னா அங்க மாநிலம் முழுக்க பிறப்புப் பதிவு வந்ததே 1882லதான். 1870ல அங்க பொறந்தவங்களுக்கே தாள் இருக்காது. அந்த சேலமும் பழைய ஊருதான், ஆப்ரகாம் லிங்கனோட செக்ரட்டரியா இருந்த ஜான் ஹே அங்கதான் பொறந்தாரு.

இங்க தேடறதுக்கு முதுகெலும்பு சென்சஸ். 1790லேர்ந்து பத்து வருஷத்துக்கு ஒரு தரம் எடுக்கறாங்க, 72 வருஷம் கழிச்சுத்தான் வீட்டுவாரி விவரத்தை வெளிய விடுவாங்க, அதனால இப்போதைக்கு 1950 வரைக்கும் பாக்கலாம், அதை 2022 ஏப்ரல் 1ந் தேதி திறந்து விட்டாங்க. 1850க்கு முன்னாடி குடும்பத் தலைவர் பேரு மட்டும்தான் இருக்கும், மத்தவங்க எல்லாம் வெறும் எண்ணிக்கை. 1850லேர்ந்து வீட்டுல இருக்கற எல்லாரு பேரும் வரும், அதுவும் அடிமையா இல்லாதவங்களுக்கு மட்டும். கறுப்பின மக்கள் குடும்பம் தேடறவங்க 1870ல வந்து முட்டிகிட்டு நிப்பாங்க, அதுக்கு முந்தின ரெண்டு சென்சஸ்ல அடிமைகளை முதலாளி பேருக்குக் கீழ வயசு, நிறம், ஆணா பொண்ணான்னு மட்டும் எழுதி வச்சிருக்கான் பாவிங்க. எங்க லைப்ரரிக்கு வர்ற ஒரு பெரியம்மா அந்த இடத்துல ஏழு வருஷமா நிக்கறாங்க. அது வேற கதை.

உங்க கேஸுக்கு முக்கியமானது 1900. அதுல ஆளு எந்த மாசம் எந்த வருஷம் பொறந்தாங்க, அவங்க எங்க பொறந்தாங்க, அவங்க அப்பா எங்க பொறந்தாரு, அம்மா எங்க பொறந்தாங்க, இது அத்தனையும் இருக்கும். பொறந்த இடத்துக்கு ஊரு பேரு போட மாட்டாங்க, மாநிலமோ நாடோ மட்டும்தான். ஆனா பக்கத்துலயே இன்னொரு கட்டம் இருக்கு, அமெரிக்காவுக்கு எந்த வருஷம் வந்தீங்கன்னு. உள்ளூர்ல பொறந்தவங்களுக்கு அது காலியா இருக்கும். இண்ட்னு மொட்டையா எழுதியிருந்தாலும் அந்தக் கட்டத்துல ஒரு வருஷம் இருந்துச்சுன்னா அது இண்டியானா இல்ல. இருபது வருஷம் கார் ஓட்டினதுக்கு அந்த ஒரு கட்டத்தைப் பாத்திருந்தா போதும். அவங்க ஏன் பாக்கலைன்னா, கம்ப்யூட்டர்ல தேடறப்ப வர்றது யாரோ பாத்து டைப் அடிச்ச பட்டியல், அதுல டைப் அடிச்சவரு இண்டியானான்னே போட்டிருப்பாரு. பட்டியலை நம்பாம அசல் பக்கத்தோட படத்தைத் திறந்து பாக்கச் சொல்லுங்க.

1890 சென்சஸ் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம். 1921ல வாஷிங்டன்ல வர்த்தகத் துறை பில்டிங் அடித்தளத்துல தீப்பிடிச்சு, எரிஞ்சது கொஞ்சம், தீயணைக்கறேன்னு தண்ணிய அடிச்சு ஊறினது நெறைய, அப்புறம் ஒண்ணுக்கும் ஆகாதுன்னு இருந்ததையும் அழிச்சுட்டாங்க. ஏதோ ஆறாயிரத்துச் சொச்சம் பேரு மட்டும் மிஞ்சியிருக்கு. 1880க்கும் 1900க்கும் நடுவுல வந்து இறங்கினவங்க எல்லாம் அதனாலதான் திடீர்னு வானத்துலேர்ந்து குதிச்ச மாதிரி இருப்பாங்க.

அடுத்தது கல்யாணத் தாள். ஒஹாயோவுல கவுண்ட்டி (நம்ம ஜில்லா மாதிரி) புரோபேட் கோர்ட்டுல, அதாவது உயில், கல்யாணத் தாள் எல்லாம் பாக்கற கோர்ட்டுல இருக்கும். கொள்ளுப்பாட்டியோட பொறந்த வீட்டுக் குடும்பப் பேரு அதுலதான் சுத்தமா கிடைக்கும். அது இல்லாம நீங்க சேலத்துல ஒரு ரிஜிஸ்தரையும் திறக்க வேண்டாம், புருஷன் பேரை வச்சுகிட்டு ஞானஸ்நானம் தேடினா எப்படிக் கிடைக்கும்? அது கிடைக்கலைன்னா அவங்க மகளோட சோஷியல் செக்யூரிட்டி (இங்கத்த சர்க்கார் ஓய்வூதியத் திட்டம்) விண்ணப்பத்தோட நகல் கேட்டு வாங்கலாம், 1936லேர்ந்து இருக்கு, அதுல அம்மாவோட கல்யாணத்துக்கு முந்தின முழுப்பேரு எழுதணும். ஃபேமிலிசர்ச்னு ஒரு சைட்டு, சால்ட் லேக் சிட்டி மார்மன் சபைக்காரங்க நடத்தறது, காசு கிடையாது. ஒஹாயோவோட 1908லேர்ந்து 1953 வரைக்கும் இறப்புச் சான்றிதழ் படமாவே அதுல இருக்கு.


வெட்டி ஆபீசர்:

அண்ணே தப்பா எடுத்துக்காதீங்க, வெள்ளைக்காரன் கொள்ளுப்பாட்டியைத் தேட இத்தனை பேரு. உங்க கொள்ளுப்பாட்டி பேரு தெரியுமா உங்களுக்கு? எனக்குத் தெரியாது. குலதெய்வம் தெரியும், கூட்டம் தெரியும், காணியாச்சிக் கோயில் தெரியும், தாத்தாவோட அப்பா பேரு கேட்டா எங்கப்பாவே முழிக்கறாரு. இதுல அமெரிக்கா சென்சஸ் 1790 வேற.


காப்பிக்காடு:

ஆபீசரே, குத்திட்டீங்க :) எங்க அப்பாரு பேரு தெரியும், அவங்கப்பா பேரு பழைய கிரயப் பத்திரத்துல "இன்னார் மகன் இன்னார்"னு இருக்கறதால தெரியும், அரூர்ப் பக்கத்துலேர்ந்து எஸ்டேட் வேலைக்கு மேஸ்திரி கூட ஏறி வந்தவருன்னு சொல்லுவாங்க. அவரு பொண்டாட்டி பேரு யாருக்கும் தெரியல. பத்திரத்துல பொம்பளைங்க பேரு வராதில்லிங்க. அந்த அமெரிக்கம்மாகிட்ட இதைச் சொன்னேன், அவங்க நோட்டை எடுத்து, அரூர் எப்படி எழுதணும்னு கேட்டு எழுதிகிட்டாங்க. எதுக்குன்னே தெரியல.

ஒஹாயோ அக்கா, ரொம்ப நன்றிங்க. அவங்க மகளுக்கு நேத்து ராத்திரியே உங்க பதிலை எனக்குத் தெரிஞ்ச இங்கிலீஷ்ல எழுதி அனுப்பிட்டேன்.


செவ்வாப்பேட்டை பெருசு:

வயசு எழுபத்தாறு, டைப் அடிக்க நேரமாகும், பொறுமையாப் படிங்க. நான் ரெவின்யூல இருந்து ரிட்டையர் ஆனவன்.

நம்ம பக்கம் எங்க தேடறதுன்னு நான் சொல்றேன். 1870ல இந்த மலையில வெள்ளைக்காரக் குழந்தை பொறந்துச்சுன்னா அப்பன் என்ன தொழில்ங்கறதைப் பொறுத்துத்தான் தாள் எங்க இருக்கும்னு சொல்ல முடியும். காப்பித் தோட்டக்காரரா, ரயில்வேயா, சர்க்காரா, மிஷனா. 1820கள்ல கலெக்டர் காக்பர்ன் காப்பிச் செடியை இங்க கொண்டாந்து வச்சதுலேர்ந்து தோட்டக்காரங்க வந்துட்டாங்க. 1869க்கு அப்புறம் இலைத் துரு நோய் சிலோன்ல ஆரம்பிச்சு இந்தப் பக்கமும் வந்து பல துரைங்க கையைச் சுட்டுகிட்டாங்க, தோட்டத்தை வித்துட்டு வேற சீமைக்குப் போனவங்க உண்டு. உங்க ஆளு அப்படிப்பட்டவரா இருக்கலாம், இல்லாமயும் இருக்கலாம், நான் அடிச்சுச் சொல்லல.

மிஷன்காரரா இருந்தா வேலை சுலபம். வேலூர் சி.எம்.சி. ஆரம்பிச்ச ஐடா ஸ்கடர் அம்மாவை எடுத்துக்கோங்க, அவங்களும் இதே 1870லதான், ராணிப்பேட்டையில பொறந்தவங்க. அவங்க தாத்தா ஜான் ஸ்கடர் 1819ல அமெரிக்காவுலேர்ந்து கப்பல் ஏறி சிலோன் வந்து அப்புறம் மெட்ராஸ் வந்தவரு. அந்தக் குடும்பத்துல யாரு எங்க பொறந்தா எங்க செத்தான்னு அத்தனையும் மிஷன் ரிக்கார்டுல இருக்கு, மாசாமாசம் தலைமை ஆபீசுக்கு லெட்டர் எழுதினாங்களே. நம்ம சேலத்துல 1827லேர்ந்து இருந்தது லண்டன் மிஷன், அவங்க கடுதாசி எல்லாம் லண்டன்ல சோயாஸ் காலேஜ் லைப்ரரியில இருக்கு. தோட்டக்காரன் யாருக்கு லெட்டர் எழுதுவான்? வட்டிக்கடைக்காரனுக்கு எழுதுவான்.

சர்ச் ரிஜிஸ்தரைக் கரையான் தின்னுடுச்சுன்னா கவலைப்படாதீங்க தம்பி. கும்பினி, அதான் கிழக்கிந்தியக் கம்பெனி காலத்துலேர்ந்தே ஒரு வழக்கம் உண்டு, ஒவ்வொரு சர்ச்சுலயும் ஞானஸ்நானம், கல்யாணம், அடக்கம் மூணுக்கும் ஒரு நகல் எழுதி மெட்ராஸுக்கு அனுப்பணும், அங்கேர்ந்து அது சீமைக்குப் போகும். அது இன்னைக்கும் லண்டன் பிரிட்டிஷ் லைப்ரரியில இருக்கு, இந்தியா ஆபீஸ் ரிக்கார்டுல மெட்ராஸுக்கு "என் 2"ன்னு வரிசை. அசல் போனாலும் நகல் ஆயிரக்கணக்கான மைலுக்கு அப்பால பத்திரமா இருக்கு. அதோட படங்களை காசு கட்டிப் பாக்கற சைட்டு ஒண்ணு இருக்கு, சும்மா தேடிப் பாக்கணும்னா பிரிட்டிஷ் இந்தியா குடும்பங்களுக்குன்னு ஃபிபிஸ்னு ஒரு சங்கம் இருக்கு, அவங்க சைட்டுல பேரு போட்டா வரும். கத்தோலிக்கரா இருந்தா மட்டும் கொஞ்சம் சிரமம், அவங்க நகல் ஒழுங்கா எல்லாமே போகலை. அப்ப பங்குச் சாமியாரைத்தான் போய்ப் பாக்கணும். போறப்ப ஒண்ணு ஞாபகம் வச்சுக்கோங்க, பழசெல்லாம் லத்தீன்ல இருக்கும், ஜேம்ஸுன்னு தேடினா கிடைக்காது, ஜேக்கபஸ்னு இருக்கும். வில்லியம்னா குலியெல்மஸ்.

ஞானஸ்நானப் பதிவுல என்ன எழுதுவாங்கன்னா, எந்தத் தேதி ஞானஸ்நானம், எப்பப் பொறந்தது, குழந்தை பேரு, அப்பா அம்மா பேரு, எந்த ஊரு, அப்பன் தொழில், எந்தப் பாதிரியார். அம்மாவோட பொறந்த வீட்டுப் பேரு இருக்காது. அம்மா நம்ம ஊரு பொம்பளையா இருந்தா சில பதிவுல அவ பேரையே விட்டுருவாங்க. போட்டோவுல ஓரமா முக்காடு போட்டு பாதி வெட்டுப்பட்டு நிக்கற பொம்பளைன்னு எழுதியிருந்தீங்களே, அதை ரெண்டு தரம் படிச்சேன். குழந்தையைப் பாத்துக்கற ஆயாவா இருக்கலாம்.

ஊரு பேரை எத்தனை விதமா எழுதியிருப்பான்னு பட்டியல் போட்டுக்கோங்க. ஷெவராய், ஷெவரோய், ஷெர்வராய், சேர்வராயன், ஏர்காட், யெர்காட். பல பதிவுல ஏற்காடுன்னே இருக்காது, பாதிரியார் சேலத்துலேர்ந்து ஏறிப் போய்க் குடுத்திருப்பாரு, அதனால சேலம்னுதான் இருக்கும். 1905ல ஜே. ஜே. காட்டன்ங்கற ஐ.சி.எஸ். ஆபீசர் மெட்ராஸ் மாகாணம் பூரா இருந்த ஐரோப்பியர் கல்லறை எழுத்தை ஜில்லாவாரியாத் தொகுத்திருக்காரு, சேலம் ஜில்லாவும் உண்டு. இன்னைக்குக் கல்லு உடைஞ்சிருந்தாலும் அதுல இருந்தா இருந்ததுதான்.


காப்பிக்காடு:

ஐயா, அக்கா, ரெண்டு பேருக்கும் பெரிய கும்பிடு. பதில் வந்துடுச்சு!! அவங்க மகள் ரெண்டு ராத்திரி தூங்காம உக்காந்து தேடியிருக்காங்க.

1900 சென்சஸ் அசல் பக்கம்: பொறந்த இடம் தெளிவா இந்தியா. அப்பா ஸ்காட்லாந்து. அம்மா இந்தியா. வந்த வருஷம் 1889. அக்கா சொன்ன மாதிரியே டைப் அடிச்ச பட்டியல்ல இண்டியானான்னுதான் இருந்துச்சாம், அந்தம்மா போன்லயே அழுதுட்டாங்க, இருபது வருஷ பெட்ரோல் காசு போச்சேன்னு அப்புறம் சிரிச்சாங்க. கல்யாணத் தாளும் கிடைச்சுடுச்சு, 1893, பொறந்த வீட்டுப் பேரு ஸ்காட்லாந்துப் பேருதான்.

ஆனா இப்ப புதுக் குழப்பம். 1910ல மறுபடியும் இந்தியா, 1889. சரி. 1920ல அதே ஆளு, அதே தெரு, அதே புருஷன், அதே புள்ளைங்க, ஆனா பொறந்த இடம் இண்டியானா, அவங்கம்மாவும் இண்டியானா, வந்த வருஷம் காலி. 1930லயும் இண்டியானா. மொட்டையா இண்ட்னு இல்லைங்க, முழுசா எழுத்து எழுத்தா இண்டியானான்னு. இது எப்படிங்க?


ஒஹாயோ அக்கா:

தம்பி, இதைப் படிச்சுட்டு டீ ஆறிப் போச்சு எனக்கு.

ரெண்டு விதமா சொல்லலாம். ஒண்ணு சாதாரணம். சென்சஸ்காரன் வந்தப்ப அந்தம்மா வீட்டுல இல்லை, பக்கத்து வீட்டுக்காரிகிட்ட கேட்டு எழுதிட்டுப் போயிட்டான். யாரு தகவல் சொன்னதுன்னு 1940லதான் பேரு பக்கத்துல வட்டத்துக்குள்ள பெருக்கல் குறி போட்டாங்க, அதுக்கு முன்னாடி தெரியாது. 1920ல இப்படி ஒருத்தன் எழுதிட்டான்னா 1930லயும் அதே தப்பு வரணும்னு இல்லைதான், ஆனா வரவும் செய்யும்.

இன்னொண்ணு, அவங்களே மாத்திச் சொல்லியிருக்கலாம். அந்தக் காலத்துல இங்க என்ன நடந்துச்சுன்னு பாருங்க. 1917ல ஒரு குடியேற்றச் சட்டம், இந்தியாவையும் சேத்து ஆசியாவுல பெரும்பகுதி ஆளுங்க உள்ள வரக்கூடாதுன்னு கோடு போட்டுட்டாங்க. 1920 சென்சஸ்ல நிறம்ங்கற கட்டத்துல வெள்ளை, கறுப்பு, இந்த வரிசையில "ஹிந்து"ன்னு புதுசா ஒண்ணு வந்துச்சு, மதம் இல்ல, நம்ம நாட்டு ஆளுங்கன்னு அர்த்தம், சீக்கியரா இருந்தாலும் முஸ்லிமா இருந்தாலும் ஹிந்துதான். 1923ல பகத் சிங் திந்த்னு ஒருத்தரு, முதல் உலகப்போர்ல அமெரிக்கப் பட்டாளத்துல இருந்தவரு, அவரு கேஸ்ல சுப்ரீம் கோர்ட்டு இந்தியர்கள் வெள்ளையர் கிடையாது, குடியுரிமைக்குத் தகுதி இல்லைன்னு தீர்ப்பு சொல்லுச்சு, அதுக்கப்புறம் ஏற்கெனவே குடியுரிமை வாங்கினவங்ககிட்டேர்ந்தே புடுங்கினாங்க. கல்யாணம் ஆன பொம்பளைங்களுக்கு 1922 வரைக்கும் தனியாக் குடியுரிமைத் தாளே கிடையாது, அமெரிக்கனைக் கட்டினா தானா வந்துடும், ஆனா அந்த 1855ம் வருஷச் சட்டத்துல ஒரு கொக்கி இருக்கு, அவளே குடியுரிமை வாங்கத் தகுதி உள்ளவளா இருக்கணும். அதாவது வெள்ளையா இருக்கணும், 1870க்கு அப்புறம் ஆப்பிரிக்க வம்சமா இருந்தாலும் சரி. அம்மா இந்தியான்னு எழுதின ஒரு பொம்பளை, அது ஸ்காட்லாந்துக்காரி இந்தியாவுல பொறந்ததா இருந்தா ஒண்ணும் இல்ல. நம்ம ஊரு பொம்பளையா இருந்தா வயித்தக் கலக்குமா கலக்காதா? பக்கத்து மாநிலத்துல ஒரு சேலம் ரெடியா உக்காந்திருக்கு. ரெண்டு எழுத்து சேத்தா முடிஞ்சுது.

நிறம் கட்டத்துல என்ன இருக்குன்னு நாலு சென்சஸ்லயும் பாத்து எழுதச் சொல்லுங்க. வெள்ளைன்னுதான் இருக்கும், இருந்தாலும் பாக்கணும்.

1889ல வந்து இறங்கினதுக்கு குடியேற வர்றவங்களைச் சோதிச்சு உள்ள விட்ட எல்லிஸ் தீவுல தேட வேண்டாம், அது 1892லதான் திறந்தாங்க. அதுக்கு முன்னாடி நியூயார்க்ல காசில் கார்டன். அந்தக் கால கப்பல் பட்டியல்ல பேரு, வயசு, தொழில், எந்த நாட்டுக் குடி, அவ்வளவுதான் இருக்கும், பொறந்த ஊரு கேக்க மாட்டாங்க, அதுவும் அப்பா ஸ்காட்லாந்துன்னா ஸ்காட்லாந்துன்னே போட்டிருப்பான். அப்புறம் "இந்தியன்"னு போட்டுத் தேடிடாதீங்க, இங்க அதுக்கு வேற அர்த்தம், செரோக்கி, ஷானின்னு பூர்வகுடிங்க வந்து குவிவாங்க.


பிசிஆர்_பையன்:

நான் பயோடெக் படிக்கறேன். இதுக்கு ஈசியா டிஎன்ஏ டெஸ்ட் பண்ணலாமே அண்ணா, அங்க எல்லாரும் எச்சிலைக் குப்பியில துப்பி அனுப்பறாங்களே. கணக்கு போட்டுப் பாருங்க, கொள்ளுப்பாட்டிகிட்டேர்ந்து நமக்கு சராசரியா எட்டுல ஒரு பங்கு, 12.5 சதவீதம். அந்தக் கொள்ளுப்பாட்டிக்கு அம்மா மட்டும் நம்ம ஊருன்னா இந்தம்மாவுக்கு வர்றது அதுல பாதி, சுமார் 6 சதவீதம். அந்த அளவு இருந்தா டெஸ்ட்ல தெற்காசியான்னு காட்டும். ஆனா இது சராசரிதான், சீட்டுக் குலுக்கற மாதிரி, அக்காவுக்கு 8 வரும் தம்பிக்கு 4 வரும், அதனால இந்தம்மாவும் அவங்க தம்பியும் ரெண்டு பேரும் பண்ணா நல்லது. மகள் பண்ணா இன்னும் பாதியாக் குறைஞ்சுடும், மூத்தவங்க பண்றதுதான் பெஸ்ட். ஒண்ணுமே வரலைன்னா அம்மா வெள்ளைக்கார வம்சம்தான்னு ஏறக்குறைய முடிவு பண்ணிக்கலாம்.


செவ்வாப்பேட்டை பெருசு:

ஒஹாயோ அம்மா சொன்னது நல்லா இருக்கு, கதை மாதிரி இருக்கு, அதனாலதான் எனக்கு பயமா இருக்கு. முப்பத்தஞ்சு வருஷம் பட்டா தகராறு பாத்தவன் நான், அழகா ஒத்து வர்ற கதை வந்தா மொதல்ல மூல ஆவணம் எங்கேன்னு கேப்பேன். அம்மா இந்தியான்னு ஒரு வார்த்தையை வச்சு அவங்களுக்கு ஒரு தமிழ்ப் பாட்டியைக் குடுத்துடாதீங்க தம்பி, அப்புறம் திரும்ப வாங்க முடியாது. அந்தக் காலத்துல ரெண்டு மூணு தலைமுறையா இங்கேயே பொறந்து வளந்த வெள்ளைக்காரப் பொம்பளைங்க எத்தனையோ பேரு இருந்தாங்க, பட்டாளத்துக்காரன் புள்ளைங்க, ரயில்வேக்காரன் புள்ளைங்க. ஆங்கிலோ இந்தியராவும் இருக்கலாம். அப்பன் அம்மா கல்யாணம் எங்க நடந்துச்சுன்னு தேடுங்க, 1870க்கு முந்தி அஞ்சாறு வருஷம். கல்யாணப் பதிவுல பொண்ணோட பேரும் அவ அப்பன் பேரும் இருக்கும், அதுல தெரிஞ்சுடும். கல்யாணமே பதிவாகலைன்னா அது வேற மாதிரி பதில்.


வெட்டி ஆபீசர்:

மொதல்ல நக்கல் பண்ணவன் நான்தான், இப்ப ஆபீஸ்ல உக்காந்து ரெஃப்ரெஷ் பண்ணிகிட்டே இருக்கேன். அப்புறம் நேத்து எங்கப்பாவை உக்கார வச்சு கேட்டேன், அவரு அத்தைக்கு ஃபோன் போட்டாரு, அத்தை சொன்னாங்க எங்க கொள்ளுப்பாட்டி பேரு பொன்னாயி. அவங்கம்மா பேரும் பொன்னாயியாம். பேத்திக்குப் பாட்டி பேருன்னு வச்சா கூட பரவால்ல, இது என்ன கணக்குன்னு தெரியல. நடுவுல ஏதோ ஒரு பொன்னாயி காணாம போயிருக்குன்னு நெனக்கறேன்.


காப்பிக்காடு:

எல்லாருக்கும் ஒரு அப்டேட்டு.

நிறம் கட்டம் நாலுலயும் வெள்ளைதானாம். டெஸ்ட் கிட் அந்தம்மாவும் தம்பியும் ரெண்டு பேரும் ஆர்டர் போட்டுட்டாங்க, வர ஆறு வாரம், எட்டு வாரம் ஆகும்னாங்க. பெருசு ஐயா சொன்னதையும் அப்படியே சொல்லிட்டேன், அவங்க மகளுக்கு உங்க பட்டா தகராறு உதாரணம் ரொம்பப் பிடிச்சுப் போச்சு, பட்டான்னா என்னன்னு ஒரு மணி நேரம் விளக்கினேன்.

லண்டன் நகல்ல ஞானஸ்நானம் கிடைச்சுடுச்சுங்க. பொறந்த வீட்டுப் பேரு ஒத்து வருது, வருஷம் 1870, இடம் சேலம், அப்பா தொழில் தோட்டக்காரர் (பிளாண்டர்). அம்மா பேரு மேரின்னு மட்டும் இருக்கு. மேரி. ஐயா, ஞானஸ்நானம் வாங்கின நம்ம ஊரு பொம்பளைக்கும் மேரிதானே பேரு, ஸ்காட்லாந்துப் பொம்பளைக்கும் மேரிதானே பேரு, இதை வச்சுகிட்டு நான் என்னங்க பண்றது. கல்யாணப் பதிவு இன்னும் மாட்டல, 1860லேர்ந்து பாத்துகிட்டு இருக்காங்க.

இங்க மேல ஒரு பழைய கல்லறைத் தோட்டம் இருக்கு, உள்ள போக முடியாது, உண்ணிச்செடி ஆளுயரத்துக்கு மண்டிக் கெடக்கு. சாவி வச்சிருக்கற பெரியவரைப் பிடிச்சுட்டேன், ஞாயித்துக்கிழமை ஆராதனை முடிஞ்சு திறந்து விடறேன்னாரு. வெட்ட ரெண்டு ஆளு சொல்லியிருக்கேன், அதுல ஒருத்தன் பாம்பு இருக்கும்னு கூலி கூடக் கேக்கறான். மேரின்னு எத்தனை கல்லு இருந்தாலும் அத்தனையும் போட்டோ எடுத்துப் போடறேன், பெருசு ஐயா கொஞ்சம் காட்டன் தொகுப்போட ஒப்பிட்டுப் பாத்துச் சொல்லுங்க.

ஒஹாயோ அக்கா, அந்தம்மாவுக்கு ரெண்டு கிலோ பீபெரி (ஒத்தக் கொட்டைக் காப்பி) வறுத்து அனுப்பணும். அங்க கஸ்டம்ஸ்ல காப்பிக்கு ஏதாவது பிரச்சனை பண்ணுவாங்களா?


ஒஹாயோ அக்கா:

வறுத்த காப்பிக்குப் பொதுவா ஒண்ணும் சொல்ல மாட்டாங்க தம்பி. எனக்கும் ஒரு கிலோ சேத்துப் போடுங்க, காசு அனுப்பிடறேன். கல்லறைக்குப் போறப்ப எழுத்து தெரியலைன்னு சாக்பீஸ் தேய்க்கறது, பிரஷ் வச்சு சுரண்டறது வேண்டாம், கல்லு போயிடும். காலையில சீக்கிரமோ சாயங்காலமோ வெயில் சாய்ஞ்சு விழறப்ப எடுங்க, இல்லைன்னா பக்கவாட்டுல டார்ச் அடிங்க, எழுத்து தானா எழும்பி நிக்கும்.